காபி டம்ளருடன் வந்த டோனர்

1. துணிப்பை

உள்ளே வந்தவர் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். விந்தணு வங்கிக்கு வருகிற ஆண்களில் பாதிப்பேர் முதலில் கேட்பது இதைத்தான். சாத்தச் சொன்னேன்.

ஐம்பதை நெருங்கும் வயது. இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, பையில் ஒரு நீலப் பேனாவும் ஒரு சிவப்புப் பேனாவும். ஆசிரியர் என்று அவர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் புதுக்கோட்டை அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறாராம். சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தாமிரபரணிக் கரையில் நெல் விவசாயக் குடும்பம். மடியில் ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னைய ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?"

இல்லை என்றேன். அது உண்மை. ஞாபகம் இருந்திருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்பு, எங்கள் இடம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில் இருந்தபோது, டோனராக, அதாவது விந்தணு கொடுக்க, வந்ததாகச் சொன்னார். வந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத சில விஷயங்களைச் சொன்னார். சாம்பிள் கொடுக்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் சரியாக விழாது என்பது அதில் ஒன்று. பொய் சொல்லவில்லை.

பிறகு துணிப்பையிலிருந்து பாலிதீன் கவரில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து மேஜைமேல் வைத்தார். எவர்சில்வர் டம்ளர். அடியில் காபி காய்ந்து ஒட்டியிருந்தது.

"எம் மருமகனா வரப்போற பையன் குடிச்ச டம்ளர். கழுவல. இதுல எச்சி இருக்கும்லா. இத வச்சு டி.என்.ஏ. பாக்கலாம்னு யூடியூப்ல சொல்லுதான்."

விஷயத்தைக் கோவையாகச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சுருக்கம் இதுதான். அவருடைய மகளும் அந்தப் பையனும் துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சம்மதித்து, தை மாதம் நிச்சயம் என்று முடிவாகியிருந்தது. பையன் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று பையனின் அம்மா, தனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தை இல்லை என்றும், தூத்துக்குடியில் இந்த டாக்டரம்மாவிடம் வந்தபிறகுதான் இவன் பிறந்தான் என்றும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது எங்கள் இடத்தை நடத்திய டாக்டரம்மாவின் பெயர். பையனுக்கு இருபத்தைந்து வயது.

"அப்பதான் அண்ணாச்சி அவன் காதைப் பாத்தேன்" என்றார். அவர் குடும்பத்தில் எல்லோருக்கும் காதுமடலின் கீழ்நுனி தொங்காமல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். தலையைத் திருப்பித் தன் காதைக் காட்டினார். அந்தப் பையனுக்கும் அப்படியே இருந்ததாம். அதோடு, அவரை அந்தக் காலத்தில் எங்களிடம் அழைத்துவந்த லாட்ஜ் நண்பன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்: "உங்க ஆளுகளுக்குத்தாம்ல கேக்காங்க. வேற ஆளு கொடுத்தா வேண்டாங்காங்க." பையன் வீட்டாரும் இவருடைய ஆட்கள்தான்.

ஒரு வக்கீலிடம் நண்பனுக்கு என்று சொல்லி விசாரித்துவிட்டாராம். விந்தணு கொடுத்தவனுக்கும் பிறக்கிற குழந்தைக்கும் எந்த உறவும் கிடையாது, உரிமையும் கிடையாது, கடமையும் கிடையாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

"சட்டத்துல நான் அப்பன் இல்ல, சரி. ரத்தத்துல?"

அவரே தொடர்ந்தார். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி இந்தச் சம்பந்தத்தை முறித்துவிடுவார். ஏற்கெனவே பொருந்தியிருக்கிறது என்று சொன்ன ஜோசியரை விட்டுவிட்டு வேறு ஜோசியரைத் தேட வேண்டும், அவ்வளவுதான். மகள் தன்னை மன்னிக்க மாட்டாள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பையனின் பெற்றோர் எங்களிடம் வந்தார்களா இல்லையா என்பதையே நான் சொல்லக்கூடாது. வந்திருந்தால் என்ன சிகிச்சை என்பதையும் சொல்லக்கூடாது. குழந்தைக்காக டாக்டரிடம் வருகிறவர்களில் டோனர் தேவைப்படுவது சிலருக்குத்தான் என்பதைப் பொதுவாகச் சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. ஒருவருக்குத் தெரியாமல் அவர் எச்சிலை டெஸ்டுக்கு அனுப்புவதை நாங்கள் செய்ய மாட்டோம், யாரும் செய்யக்கூடாது என்றேன். அவர் டம்ளரை மறுபடி கவருக்குள் வைத்தார்.

"அப்ப நான் எங்கன போயி கேக்க?"

டீ சொன்னேன். அவர் குடித்து முடிக்கிற நேரத்தில், எங்கள் வேலை அப்போது எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது.

2. முதல் நாள்

நான் இந்த வேலைக்கு வந்தது ஒரு நாளிதழின் மாவட்ட அலுவலகத்திலிருந்து. கேள்வி கேட்கத் தெரிந்த, கேட்டதை வெளியே சொல்லாத ஆள் வேண்டும் என்று டாக்டரம்மா தேடிக்கொண்டிருந்தார். இரண்டாவது தகுதி பத்திரிகைக்காரனுக்கு இருக்குமா என்று அவருக்குச் சந்தேகம். முதல் நாளே அதற்கு ஒரு விதி சொன்னார்.

"டோனர், பேஷன்ட், யாரா இருந்தாலும் சரி, வெளிய பாத்தா உங்களுக்கு அவங்களத் தெரியாது. கல்யாண வீட்டுல பக்கத்து இலையில உக்காந்தாலும் தெரியாது. அவங்களா பேசினாத்தான் நீங்க பேசணும்."

தூத்துக்குடி பெரிய ஊர் இல்லை. மார்க்கெட், பனிமய மாதா கோவில் திருவிழா, ரயில் நிலையம் என்று எங்கே போனாலும் தெரிந்த முகம் வரும். உடனே வேறு எதையாவது பார்க்கப் பழகிக்கொண்டேன். திமிர் பிடித்தவன் என்று என் சொந்தக்காரர்களே சொன்னார்கள்.

டோனர் கோஆர்டினேட்டர் என்பது என் பதவி. டோனர்களிடம் பேசி, அவர்கள் குடும்ப நோய்களை விசாரித்து, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, சாம்பிள் வாங்க ஏற்பாடு செய்வது வேலை. லேப் டெக்னீஷியன் கவுன்ட்டும் மொட்டிலிட்டியும் பார்ப்பார். எத்தனை இருக்கிறது, எவ்வளவு சுறுசுறுப்பாக நீந்துகிறது என்பதற்கு அந்தப் பெயர்கள். தேறினால் ஸ்ட்ரா என்று நாங்கள் சொல்லும் மெல்லிய குழாய்களில் நிரப்பி, திரவ நைட்ரஜன் கேனில் உறைய வைப்போம். அந்த நைட்ரஜன் கால்நடைத் துறைக்குக் கொண்டுவருகிற வண்டியிலேயே எங்களுக்கும் வரும். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற ஆபீஸ் என்றுதான் கீழே நின்ற ஆட்டோக்காரர்கள் எங்களை நினைத்திருந்தார்கள். நாங்கள் திருத்தவில்லை.

3. ஏன் என்ற கேள்வி

இப்போது விந்தணுவை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். அப்போது சட்டம் இல்லை. போக்குவரத்துச் செலவு என்ற பெயரில் பணம் கொடுத்தோம். அதை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தோம். சாம்பிள் கொடுக்கிறபோது பாதி. ஆறு மாதம் கழித்து வந்து மறுபடி ரத்தம் கொடுத்தால் மீதி.

எல்லோரிடமும் ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்பேன். கப்பலுக்கு ஆள் எடுக்கும்வரை லாட்ஜில் காத்திருந்த மாலுமிகள், பணம் என்று நேராகச் சொல்வார்கள். காயாமொழியிலிருந்து வந்த ஒருவர் பணமே வேண்டாம், புண்ணியம் போதும் என்றார். தன் அக்கா பிள்ளையில்லாமல் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு வந்தவர் ஒருவர். நிறையப் பேர் பணத்துக்கு என்று சொல்லிவிட்டு, பணத்தை எண்ணாமலே பையில் வைத்துக்கொண்டு, கவுன்ட் எவ்வளவு வந்தது என்று மட்டும் இரண்டு தடவை கேட்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் தன்னிடம் குறை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் அவர்கள். வெளியே ஒரு லேபில் போய் இந்த டெஸ்ட் எடுக்க அவர்களுக்குத் தைரியம் இல்லை. டோனர் என்று வந்தால் கௌரவமாகத் தெரிந்துகொள்ளலாம். காசுக்கு வந்தேன் என்று சொல்வது அவர்களுக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது.

கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று பிடிபட்டது. பணத்துக்கு வந்தவன் ஆறு மாதம் கழித்துத் தவறாமல் வருவான். ரிசல்ட்டுக்கு வந்தவன் ரிசல்ட் நன்றாக இருந்துவிட்டால் மறுபடி அந்தத் தெருப்பக்கமே தலைகாட்ட மாட்டான். டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அதுக்குத்தான் பாதிய நான் கையில வச்சிருக்கேன்" என்றார்.

4. உப்பு வியாபாரி

தம்பதிகள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி நோயைப் பற்றியது இல்லை. "எங்க ஆட்கள்தானே?" என்பதுதான். டாக்டரம்மா ரத்த குரூப், நிறம், உயரம் பார்த்து மட்டும்தான் டோனரைத் தேர்ந்தெடுப்பார். "உங்க ஆளா இல்லியான்னு அதுல எழுதியிருக்காதும்மா" என்று அந்தப் பேச்சை முடித்துவிடுவார். வெளியே டோனர்களை அழைத்துவருகிறவர்கள் என்னென்ன சொன்னார்கள் என்பது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை.

ஒரு தடவை ஓர் உப்பு வியாபாரி மனைவியோடு வந்தார். அவர்களுக்கு எல்லா வகையிலும் பொருந்திய ஒரே ஒரு டோனரின் ஸ்ட்ராக்கள் கேனில் இருந்தன. அந்த டோனர் ஆறு மாதம் தாண்டியும் இரண்டாவது ரத்தம் கொடுக்க வரவில்லை. அவன் கொடுத்த லாட்ஜ் முகவரிக்கு நானே போய்ப் பார்த்தேன். காலி செய்துவிட்டுப் போயிருந்தான். மனைவிக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது, வியாபாரிக்குப் பொறுமை இல்லை.

"நல்ல பையன்னு நீங்களே சொன்னீங்கள்லா டாக்டர். ஒரு ரத்தம்தான? விட்டுத் தள்ளுங்க."

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. "புதுசா கிருமி உள்ள போயிருந்தா முதல் டெஸ்ட்ல தெரியாது அண்ணாச்சி. மாசக்கணக்குல ஒளிஞ்சிருக்கும். ரெண்டாவது ரத்தம் சுத்தம்னு வராம இந்தக் கேன்ல இருந்து ஒரு ஸ்ட்ரா வெளிய போவாது. உங்க வீட்டம்மாவுக்கு நோய் வந்தா நீங்க எங்கிட்ட வந்து என்ன கேப்பீங்க?"

வியாபாரி கோபமாக எழுந்து வேறு ஊருக்குப் போனார். மேலும் சில மாதம் காத்திருந்துவிட்டு, அந்த ஸ்ட்ராக்களை எடுத்து ப்ளீச்சிங் கரைசலில் போட்டார் டெக்னீஷியன். சாட்சிக்கு இன்னொருவர் நிற்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் ஏற்பாடு. நான் நின்றேன். அதற்குப் பிறகும் வராத டோனர்களின் ஸ்ட்ராக்கள் அழிக்கப்பட்ட ஒவ்வொரு தடவையும் நான்தான் நின்றேன். கேனின் சாவி டாக்டரம்மாவின் கைப்பையை விட்டு வெளியே வந்ததில்லை.

இப்போது சட்டம் வந்துவிட்டது. வங்கி தனி, கிளினிக் தனி. இருபத்தொன்று முதல் ஐம்பத்தைந்து வயதுவரை உள்ளவர்தான் கொடுக்கலாம். ஒருவர் கொடுப்பது ஒரே ஒரு தம்பதிக்குத்தான் போகும். அப்போது அந்த வரையறை இல்லை என்பதால்தான் ஆசிரியரின் பயத்தை என்னால் சிரித்து ஒதுக்க முடியவில்லை. அவர் ஸ்ட்ராக்கள் வெளியே போயிருந்தால் ஒரு வீட்டுக்கு மட்டும் போயிருக்காது.

5. பாதிப் பணம்

அவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். மேஜையில் ஏற்கெனவே ஒரு டம்ளர் இருந்தது.

பையனைப் பற்றி நான் எதுவும் சொல்லக்கூடாது. பையனின் பெற்றோரைப் பற்றியும் சொல்லக்கூடாது. ஆனால் அவரைப் பற்றி அவரிடம் கேட்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. இது எனக்கு உறைக்க ஒரு டீ நேரம் ஆயிற்று.

"சார், அப்ப உங்களுக்குப் பணம் முழுசா வந்துச்சா?"

அவர் முகம் மாறியது. "பாதிதான். மீதிய நான் வாங்கல. நான் காசுக்கு வந்தவன் இல்ல அண்ணாச்சி."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"எங்க சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்ல. எங்க அண்ணனுக்கும் இல்ல. எனக்கும் அப்படித்தானோன்னு ஒரு பயம். வீட்டுல பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தாங்க. வாரவள ஏமாத்தப்படாதுல்லா." ரிசல்ட் நன்றாக வந்ததாம். கேட்டபோதெல்லாம் வந்து சாம்பிள் கொடுத்திருக்கிறார். பிறகு பி.எட். படிக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார்.

"ஆறு மாசம் கழிச்சு ரத்தம் கொடுக்க வந்தீங்களா?"

"வரல. மிச்சக் காசுக்குத்தான கூப்பிடுதாங்க, நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"ஒரு தடவகூட வரலியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? அதுக்கு அப்புறம் உங்க வாசல்ல நான் கால் வச்சது இன்னைக்குத்தான்."

"அப்ப உங்க சாம்பிள் யாருக்கும் போகல சார்."

அவர் என்னைப் பார்த்தார். மாணவன் சரியான விடையைத் தவறான வழியில் போட்டுவந்தால் ஆசிரியர்கள் பார்ப்பார்களே, அப்படி.

"எம் மனசு சமாதானத்துக்குச் சொல்லுதீயளா?"

முதலிலிருந்து சொன்னேன். அந்த இரண்டாவது வருகை பணம் வாங்குவதற்காக இல்லை, ரத்தத்துக்காக. ரத்தத்துக்கு வரவேண்டும் என்பதற்காகத்தான் பணத்தில் பாதியை நிறுத்தி வைத்தோம். இரண்டாவது ரத்தம் இல்லாமல் ஒரு ஸ்ட்ராவும் வெளியே போனதில்லை. எத்தனையோ பெரிய மனிதர்கள் கேட்டும் போனதில்லை. வராதவர்களின் ஸ்ட்ராக்களை ப்ளீச்சிங் கரைசலில் போட்டு அழித்தபோது பக்கத்தில் நின்றவன் நான். கணக்கு வாத்தியார் என்பதால் ஒவ்வொரு படியாகக் கேட்டார். ஒரு படியில் நிறுத்தி, டெக்னீஷியன் டாக்டருக்குத் தெரியாமல் கொடுத்திருந்தால் என்றார். சாவி யாரிடம் இருந்தது என்று சொன்னேன். இன்னொரு படியில், முதல் ஆறு மாதத்துக்குள் கொடுத்திருந்தால் என்றார். அதைத் தடுக்கத்தான் அந்த ஆறு மாதம் என்றேன்.

"அப்ப அந்தக் காது?"

நான் தலையைத் திருப்பி என் காதைக் காட்டினேன். எனக்கும் மடல் ஒட்டித்தான் இருக்கும். "நான் நாசரேத்துக்காரன் சார். உங்க குடும்பம் இல்ல."

அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பழக்கம்.

"ஒவ்வொரு வருஷமும் ஆறாங்கிளாஸுக்குப் புதுப் பிள்ளைக வரும்" என்றார். "நான் மொதல்ல காதைத்தான் பாப்பேன். நம்ம பிள்ளை ஒண்ணு வந்து உக்காந்துருக்கோன்னு. ஒட்டுன காதா இருந்தா அந்தப் பிள்ளைய அடிக்க மாட்டேன்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "ஒண்ணுகூட இல்லியா?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல சார்."

"நல்லது" என்றார். உடனேயே, "அவ்வளவும் ப்ளீச்சிங் தண்ணிக்கா போச்சு?" என்றார். அந்தக் குரலில் லேசான மனத்தாங்கல் இருந்தது. நியாயம்தான் என்று எனக்குப் பட்டது.

கிளம்பும்போது டம்ளரை எடுத்துக்கொண்டு வாஷ்பேசினுக்குப் போனார். கைகழுவ வைத்திருந்த சோப்பைப் போட்டு, விரலை விட்டுத் தேய்த்து, அடியில் காய்ந்திருந்த காபி போகும்வரை கழுவினார். "ஆறு டம்ளர் செட்டு. அஞ்சுதான் இருக்குன்னு வீட்டுல தேடிக்கிட்டு இருக்கா" என்றார். கைக்குட்டையால் துடைத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். கவரை மட்டும் எங்கள் குப்பைக்கூடையில் போட்டார். ஜோசியரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

6. சீலா

டோனராக வருகிறவரிடம் என்ன சாப்பிட வேண்டும், எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எல்லாம் சொல்லுகிறோம். கொடுத்தது என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. அவரும் கூச்சத்தில் கேட்க மாட்டார். கேட்காததைத் தானே இட்டு நிரப்பிக்கொள்வார், அதோடு வருடக்கணக்கில் வாழ்வார். இந்த வேலையில் இப்போது நுழைகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான். ரத்தத்துக்கு இரண்டாம் தடவை வந்தால் இன்னது நடக்கும், வராவிட்டால் கொட்டிவிடுவோம், இரண்டில் எதுவானாலும் அதற்குப் பிறகு உங்களுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்று, அவர் கேட்காவிட்டாலும், எழுந்து போவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். இப்போது எங்கள் இடத்தில் அப்படித்தான் செய்கிறோம்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரேஸ்புரத்தில் மீன் வாங்கப் போயிருந்தேன். படகுகள் வந்து கூட்டமாக இருந்தது. ஏலம் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஆசிரியர் நின்றார். கூடவே ஒரு பையன், கையில் ஒயர்கூடை, கழுத்தில் புதுச் சங்கிலி. முதல் பார்வை தன்னால் அவன் காதுக்குப் போனது. ஒட்டித்தான் இருந்தது.

உடனே மீனைப் பார்த்தேன். மீன்காரம்மா என்னிடம் விலை சொல்லிக்கொண்டிருந்தார். அது என் காதில் விழவில்லை.

"அண்ணாச்சி."

நிமிர்ந்தேன். ஆசிரியர் என்னைப் பார்த்து நேராகச் சிரித்தார்.

"சீலா நல்லாருக்கு. நாங்க ரெண்டு கிலோ வாங்கியாச்சு. வாங்குங்க."

அந்தப் பையன், "யாரு மாமா?" என்று கேட்டான்.

"நமக்கு வேண்டியவங்க" என்றார் ஆசிரியர். "போ, ஐஸ் வாங்கிட்டு வா."

பையன் போனான். நாங்கள் இரண்டு பேரும் மீன் விலையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நானும் ஒரு கிலோ சீலா வாங்கினேன்.